தேசாதிபதி நோர்த்தின் கடிதங்களும் 1803 ஆம் ஆண்டின் வன்னியும்

அரசியல் தலைவர்களின் கடிதங்களை வரலாற்றாசிரியர் இருவகையாகப் பிரித்து நோக்குவது வழக்கம். பதவியின் பெயரால் எழுதப்படுவன ஒருவகை. நட்பின் பெயரால், ஒருவரின் கண்ணுக்கென்றே எழுதப்படுவன மற்றொருவகை. முன்னையது பொய் கூறும், பின்னையது மெய் கூறும் என எளிதாக முடிவுகட்டி விடுவாருமுளர். அம்முடிவு பாதி உண்மையே. இவ்விருவகைக் கடிதங்களையும் எவ்வாறு ஒன்றோடொன்று வைத்துப் படிப்பது, அவ்வாறு படிக்குமிடத்து வன்னிப் பெருநிலத்தின் 1803 ஆம் ஆண்டு எவ்வாறு தோற்றமளிக்கின்றது என்பதை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

அதே 1803 ஆம் ஆண்டில் அமெரிக்காவில் எழுதப்பட்ட கடிதமொன்றை முதலில் எடுத்துக்கொள்வோம். தோமஸ் ஜெபர்சன் அப்பொழுது ஐக்கிய அமெரிக்காவின் சனாதிபதியாக இருந்தார். வாழ்நாளில் அவர் எழுதிய கடிதங்கள் ஏறத்தாழ 19,000 எனக் கணிப்பர். அவற்றுள் ஒன்று, 1803 பெப்ரவரி 27 ஆம் நாள் இந்தியானாப் பிரதேசத்தின் ஆளுநரான வில்லியம் ஹென்றி ஹரிசனுக்கு அவர் அனுப்பியது. அரசாங்க ஏடுகளிற் பதிவாகும் கடிதங்கள் குறிப்பிட்ட விடயங்களோடு அமைந்துவிடுவன என்றும், இதுவோ தனிப்பட்ட கடிதமாகையால் தம் கொள்கையை விரிவாகக் கூறலாம் என்றும் அவரே அதில் எழுதுகின்றார். அவ்வாறு விரித்துக் கூறிய கொள்கை யாது? அரசாங்க வணிக நிலையங்கள் பூர்வீகக் குடிகளின் செல்வாக்குள்ள தலைவர்களைக் கடனாளிகளாக்க வேண்டும். கடன் அவர்களால் அடைக்க இயலாத அளவுக்கு வளர்ந்ததும் அதற்கீடாக நிலத்தைக் கையளிப்பர் என்பது. இக்கடிதத்தின் செய்தி பூர்வீகக் குடிகளுக்கு எட்டலாகாது என்ற எச்சரிக்கையும் அதிலுண்டு. வெளியுலகுக்கு அவர் கூறியது பயிர்த்தொழிலையும் நாகரிகத்தையும் அம்மக்களுக்குக் கற்பித்தல் என்பதாகும். இரண்டும் ஒரே கையினால் எழுதப்பட்டவை. முதலாவதை மட்டும் படித்தவன் அவரை வஞ்சகர் என்பான். இரண்டாவதை மட்டும் படித்தவன் அருளாளர் என்பான். ஒரே கொள்கையின் இரு முகங்கள் இவை என்பதை இரண்டையும் அருகருகே வைப்பவனே காண்பான்.

இலங்கையின் கரையோர மாகாணங்களை அவ்வாண்டில் ஆண்டவர் பிரடெரிக் நோர்த். 1798 ஒக்டோபரில் கொழும்பில் வந்திறங்கி 1805 வரை தேசாதிபதியாக இருந்தவர். அமெரிக்கக் குடியேற்றநாடுகளை இழந்த காலத்துப் பிரித்தானியப் பிரதமர் நோர்த் பிரபுவின் இளைய மகன் இவரே. தந்தை 1782 இற் பதவி துறந்தபோது மகனுக்கு வயது பதினாறு. அத்தந்தையும் மூன்றாம் ஜோர்ஜ் மன்னரும் தமக்குள் எழுதிக்கொண்ட கடிதங்கள் 1867 இல் அச்சேறின. போரை முன்னின்று நடத்திய பிரதமர், தம்மைப் பதவியிலிருந்து விடுவிக்குமாறு மன்னரை மீண்டும் மீண்டும் வேண்டிக்கொண்டிருந்தார் என்பதை அவை வெளிப்படுத்தின. பாராளுமன்றத்தில் உறுதி, கடிதத்தில் தளர்ச்சி. பிறநாட்டு மண்ணில் நடத்தும் போரைப்பற்றி இரு குரலிற் பேசுவது அக்குடும்பத்துக்குப் புதியதன்று எனலாம்.

மகன் நோர்த் எழுதிய கடிதங்கள் இரு முகவரிகளை நோக்கிச் சென்றன. 1801 இறுதிவரை இலங்கை கிழக்கிந்தியக் கம்பனியின் தலைமை ஆளுநருக்குக் கட்டுப்பட்டிருந்தது. ஆதலின் கல்கத்தாவிலிருந்த வெல்லெஸ்லிப் பிரபுவுக்கு அவர் இடையறாது எழுதினார். 1802 சனவரி முதலாந் திகதி இலங்கை முடிக்குரிய குடியேற்றநாடாகியபின் அவருடைய அறிக்கைகள் இலண்டனில் அரசாங்கச் செயலாளராயிருந்த ஹோபார்ட் பிரபுவுக்குச் சென்றன. பின்னவை இன்று இலண்டன் ஆவணக் காப்பகத்தில் குடியேற்றநாட்டு அலுவலகத்தின் 54 ஆம் தொகுதியில் உள்ளன. வெல்லெஸ்லிக்கு எழுதியவை பிரித்தானிய நூலகத்தில் வெல்லெஸ்லி கையெழுத்துச் சுவடிகளோடு சேர்ந்துள்ளன. பாய்க்கப்பலிற் சென்ற கடிதம் இலண்டனை அடைய ஐந்தாறு மாதங்களாகும். மறுமொழி கிடைப்பதற்குள் ஓராண்டு கழிந்துவிடும். கப்பல் மூழ்கினும் செய்தி பிழைக்கவேண்டுமென்று ஒரே கடிதத்தின் படிகள் வெவ்வேறு கப்பல்களில் அனுப்பப்பட்டன. இத்தாமதம் கடிதத்தின் இயல்பையே மாற்றிவிடுவதை மறத்தலாகாது. உடனே சரிபார்க்க இயலாத வாசகனுக்கு எழுதுபவன், நடந்ததைக் கூறுவதிலும் நடந்ததற்குத் தான் பொறுப்பாளியல்லன் எனக் காட்டுவதிலேயே கூடிய கவனஞ் செலுத்துவான்.

கண்டிப் போரைப்பற்றிய கடிதங்களில் இது தெளிவாகத் தெரியும். 1803 இன் தொடக்கத்தில் ஆங்கிலப் படை கண்டியுட் புகுந்தமைக்கு வெளிப்படையாகக் கூறப்பட்ட காரணம் பாக்கு. 1802 இல் புத்தளத்து முஸ்லிம் வணிகரின் பாக்கைக் கண்டி இராச்சியத்தின் அதிகாரிகள் கைப்பற்றினர், ஆங்கிலேயரின் குடிகளான அவர்களுக்கு நட்டஈடு கொடுபடவில்லை, எனவே போர். வெல்லெஸ்லியுடனான கடிதப் போக்குவரத்தோ வேறொரு கதையைக் கூறுகின்றது. கண்டியின் முதன் மந்திரியான பிலிமத்தலாவை, ஸ்ரீ விக்கிரமராஜசிங்கனை அகற்றும் எண்ணத்தோடு 1799 முதலே நோர்த்துடன் இரகசியப் பேச்சு நடத்திவந்தார். அப்பேச்சைத் தேசாதிபதி முறித்துக்கொள்ளவில்லை. அதிலிருந்து பெறக்கூடிய இலாபத்தைக் கணக்கிட்டுக்கொண்டிருந்தார். பாக்கு மூட்டைகள் போருக்குச் சாட்டாயின என்பதே பொருத்தம். முத்துசாமி என்பவரைக் கண்டியிற் பொம்மை அரசனாக அமர்த்திவிட்டுப் பெரும்படை திரும்பியது. எஞ்சிய காவற்படை நோயினால் அழிந்துகொண்டிருந்தது. 1803 யூன் 24 ஆம் நாள் மேஜர் டேவி சரணடைந்தபின் அவருடைய வீரர் கொல்லப்பட்டனர். இப்பேரிழப்பிற்கு விளக்கம் கூறவேண்டிய நெருக்கடியிலேயே நோர்த் அவ்வாண்டின் பிற்பகுதியைக் கழித்தார். வன்னி அவருடைய கடிதங்களில் நுழைவது இந்த நெருக்கடியின் நடுவிலாகும்.

அடங்காப்பற்று என்ற பெயர் வன்னிக்கு வெறும் புகழுரையன்று. அது ஆட்சியாளரின் அனுபவத்தையுங் குறிப்பது. பனங்காமம், முள்ளியவளை, கருநாவற்பற்று, கரிக்கட்டுமூலை, தென்னமரவடி, மேல்பற்று முதலிய பற்றுக்களை ஆண்ட வன்னியர் யாழ்ப்பாண மன்னருக்கும் பின்னர் போர்த்துக்கேயருக்கும் ஒல்லாந்தருக்கும் திறை செலுத்தினர். ஒல்லாந்தர் காலத்தில் அத்திறை பெரும்பாலும் யானைகளாகவே கொடுபட்டது. திறை நிலுவையாகக் கிடப்பதும், கேட்டால் காட்டுக்குள் ஒதுங்குவதும், கண்டியை நோக்கிக் கைநீட்டுவதும் அவர்களது அரசியலாக இருந்தன. 1782 இல் ஒல்லாந்தர் படைகொண்டு வன்னியைக் கீழ்ப்படுத்தினர். கடுமையாக எதிர்த்து நின்றவர்களுள் மரியா செம்பாத்தை என அவர்கள் பதிந்துவைத்த வன்னிச்சி ஒருத்தியுமிருந்தாள். அவள் கொழும்பிற் சிறைவைக்கப்பட்டாள். அதன்பின் தோமஸ் நாகெல் என்ற அதிகாரி வன்னியை நேரே நிருவகித்தான். 1793 இல் அவன் எழுதிய அறிக்கை அந்நிலத்தின் குளங்கள், வயல்கள், குடிகள் பற்றிய அரிய மூலமாகும். 1795 இல் யாழ்ப்பாணமும் முல்லைத்தீவும் ஆங்கிலேயர் வசமாயின.

இந்த ஆண்டுக் கணக்கை ஊன்றி நோக்குதல் வேண்டும். வன்னியர் ஆட்சி நூற்றாண்டுகள் நீடித்தது. ஒல்லாந்தரின் நேரடி ஆட்சி பதின்மூன்று ஆண்டுகள். 1803 இல் ஆங்கிலேயரது ஆட்சிக்கு வயது எட்டு. ஆயினும் ஆங்கிலக் கடிதங்களிற் பண்டாரவன்னியன் கலகக்காரன் எனப்படுகின்றான். ஒருவனைக் கலகக்காரன் என்பதற்கு அவன் முன்னரே குடியாக இருந்திருத்தல் வேண்டும். எப்பொழுது, எந்த உடன்படிக்கையினால் அவன் குடியானான் என்ற கேள்வியைக் கடிதம் எழுப்புவதில்லை. ஒல்லாந்தரின் உரிமை தமக்கு வந்தது என்ற எடுகோளே போதுமானதாயிற்று. ஒரு சொல் வாதத்தின் இடத்தைப் பிடித்துக்கொள்வதை அரச கடிதங்களில் எங்குங் காணலாம். இன்றும் நம்மவர் சிலர் வன்னியின் 1803 ஆம் ஆண்டைப்பற்றி எழுதும்போது அச்சொல்லை அப்படியே மொழிபெயர்த்துக் கையாளுவது வியப்புக்குரியது.

நிகழ்ச்சிகள் சுருக்கமானவை. 1803 ஓகஸ்ட் 25 ஆம் நாள் பண்டாரவன்னியனின் ஆட்கள் கண்டியரின் துணையோடு முல்லைத்தீவுக் கோட்டையைத் தாக்கினர். அங்கு தலைமை தாங்கிய கப்டன் வொன் ட்றிபேர்க்கும் அவனுடைய காவற்படையும் வள்ளங்களிலேறி யாழ்ப்பாணத்துக்குத் தப்பினர். யாழ்ப்பாணத்தையும் திருகோணமலையையும் கரையோரமாக இணைத்த வழியில் முல்லைத்தீவு இருந்தமையால் அக்கோட்டையின் வீழ்ச்சி அளவிற் சிறிதாயினும் விளைவிற் பெரிது. பின்னர் யாழ்ப்பாணம், மன்னார், திருகோணமலை ஆகிய மூன்று திசைகளிலிருந்தும் படைகள் அனுப்பப்பட்டன. திருகோணமலையிலிருந்து வந்த படைக்குத் தலைவன் அதே ட்றிபேர்க். ஒக்டோபர் 31 ஆம் நாள் அதிகாலையில் ஒட்டுசுட்டானுக்கு அண்மையிலுள்ள கற்சிலைமடுவில் அவன் பண்டாரவன்னியனை எதிர்பாராத வேளையில் தாக்கி முறியடித்தான்.

இந்நிகழ்ச்சிகளின் மூலம் எங்கிருந்து வருகின்றது என்பதே நமக்கு முக்கியம். தேசாதிபதியின் கடிதத்துக்குக் கீழே மற்றொரு கடிதம் இருக்கின்றது: களத்திலிருந்த அதிகாரி எழுதியது. அதற்குங் கீழே எழுதப்படாத ஒன்றுண்டு. காட்டுவழி வந்த ஒருவன் தமிழிற் சொன்னதை முதலியாரோ துவிபாஷியோ ஆங்கிலத்திற் சொல்ல, அதை அதிகாரி காதிற்கேட்டபடி எழுதினான். ஊர்ப்பெயர்களும் ஆட்பெயர்களும் கடிதத்துக்குக் கடிதம் உருமாறுவது இதனாலேயாம். ட்றிபேர்க்கின் நிலையையும் எண்ணிப் பார்க்கலாம். ஓகஸ்டில் வள்ளமேறித் தப்பியவன் ஒக்டோபரில் வெற்றியை அறிவிக்கின்றான். தன் தோல்வியைத் துடைக்கும் அவசியம் அவனுக்கிருந்தது. கண்டியில் நேர்ந்த இழப்பை ஈடுசெய்ய ஒரு வெற்றிச் செய்தி தேசாதிபதிக்குத் தேவைப்பட்டது. இருவருடைய தேவையும் ஒரே திசையில் ஓடியது. இலண்டனுக்குச் சென்ற கடிதத் தொடரில் வன்னி கண்டிப் போரின் ஒரு கிளையாக, கண்டியரின் தூண்டுதலால் எழுந்த குழப்பமாக வந்து நின்றது. கண்டியரின் துணை இருந்தது மெய்யே. ஆனால் ஒருவனுக்குத் துணை கிடைத்தது என்பதும் அவன் தூண்டப்பட்டான் என்பதும் ஒன்றல்ல. இருபது ஆண்டுகளுக்கு முன் தன் குலம் இழந்த பற்றுக்களைக் கேட்பதற்கு வன்னியனுக்குக் கண்டியிலிருந்து காரணம் வரவேண்டியதில்லை, தருணமே வந்தது.

கற்சிலைமடுவில் ஆங்கிலேயர் நாட்டிய நினைவுக்கல் நெடுங்காலம் அவ்விடத்து நின்றது. இவ்விடத்தருகே கப்டன் வொன் ட்றிபேர்க் பண்டாரவன்னியனைத் தோற்கடித்தான் என்றும் நாளையும் அது ஆங்கிலத்திற் கூறியது. தோற்கடித்தான் என்பதே அதன் சொல்; கொன்றான் என அது கூறவில்லை. ஆயினும் அந்நாளே அவன் வீழ்ந்த நாளாக மக்கள் மனத்திற் பதிந்துவிட்டது. ஒக்டோபர் 31 இல் நினைவு விழாக்களும் எடுக்கப்பட்டு வந்துள்ளன. அடுத்துவந்த ஆண்டுகளின் கலெக்டர் கடிதங்களைப் பரிசீலித்த ஆய்வாளர் சிலர் வேறொரு முடிவுக்கு வந்துள்ளனர். அவர்கள் கருத்துப்படி, 1803 இன் பின்னரும் பண்டாரவன்னியன் வன்னியில் நடமாடி எதிர்ப்பைத் தொடர்ந்தான். உடையாவூரில் நிகழ்ந்த மோதலொன்றிற் காயமுற்றுப் பனங்காமத்தில் 1811 அளவில் இறந்தான். அக்காலத்தில் வன்னியில் வருவாய் அலுவல் பார்த்த ஜோர்ஜ் ரேணரின் கடிதங்கள் இதற்கு ஆதாரமாகக் காட்டப்படுகின்றன. (மகாவம்சத்தை 1837 இல் ஆங்கிலத்தில் வெளியிட்ட ரேணர் இவருடைய மகன், தந்தையின் கடிதங்கள் தமிழருக்கும் மகனின் மொழிபெயர்ப்புச் சிங்களவருக்கும் வரலாற்று மூலமாயினமை கவனத்துக்குரியது.)

இம்முடிவை ஏற்போமாயின் 1803 இன் பொருளே மாறிவிடுகின்றது. இரண்டு மாத எழுச்சி, ஓர் அதிகாலைத் தோல்வி, வீரமரணம் என்ற வடிவம் நாடகத்துக்கு உகந்தது. முல்லைமணியின் ‘பண்டாரவன்னியன்’ நாடகமும், மு. கருணாநிதியின் ‘பாயும் புலி பண்டாரக வன்னியன்’ நாவலும் இப்பெயரைப் பரவச் செய்தன. காக்கைவன்னியனின் காட்டிக்கொடுப்பு அக்கதையோடு பிரிக்கவொண்ணாதபடி ஒட்டிக்கொண்டது. எட்டாண்டுகள் காட்டிலும் ஊரிலும் மறைந்து வாழ்ந்து, படை குறைந்து, காயத்தோடு இறந்தான் என்பது மேடைக்கு ஏற்றதன்று. ஆனால் அதற்கு வேறொரு கேள்வியைக் கேட்கும் வலிமையுண்டு. எட்டாண்டுகள் ஒருவன் அரசாங்கத்தின் கைக்கு எட்டாமல் வாழ்ந்தானெனில் அவனுக்குச் சோறிட்டவர் யார்? வழிகாட்டியவர் யார்? பிடித்துக் கொடுக்காதிருந்தவர் யார்? தலைவனின் வீரத்தைப் பாடும் கதையில் மறைந்துபோகும் வன்னிக் குடிகள் இங்குத்தான் வெளிப்படுகின்றனர். அவர்கள் அனைவரும் அன்பினாலேயே அவ்வாறு செய்தனர் என்பதற்கில்லை. வன்னியனும் நிலப்பிரபுவே, குடிகளின் உழைப்பில் வாழ்ந்தவனே. அச்சமும் உறவுக் கடப்பாடும் புதிய வரிகளின்மீது வெறுப்பும் அதில் கலந்திருக்கும். நிலவுடைமைத் தலைவனொருவனை மக்கள் தலைவனாக வண்ணம் தீட்டவேண்டிய அவசியம் முற்போக்கு வரலாற்றுக்கு இல்லை; அவனைத் தாங்கி நின்ற சமூகத்தைக் காணவேண்டிய அவசியம் உண்டு.

இதன்பொருட்டு நமக்குக் கூடிய பயன் தருவன தேசாதிபதியின் அந்தரங்கக் கடிதங்களல்ல என்பது என் கருத்து. அவை மேலிடத்துச் சூழ்ச்சியை அறியவே உதவுவன. நோர்த்தின் மனத்தைக் காட்டுவன. வன்னியைக் காட்டுவன அல்ல. உடைந்த குளத்தைப்பற்றியும் செலுத்தப்படாத நெல்வரியைப்பற்றியும் ஓடிப்போன குடிகளைப்பற்றியும் சலிப்போடு எழுதிய சிற்றதிகாரியின் கடிதத்திலேயே அம்மக்களின் வாழ்வு தற்செயலாகச் சிந்திக் கிடக்கின்றது. ஜே. பி. லூயிஸ் 1895 இல் வெளியிட்ட வன்னி மாவட்டங்கள் பற்றிய கைந்நூல் இத்தகைய ஆவணங்களிலிருந்து திரட்டப்பட்டது. ஆட்சியாளரின் நோக்குடையதாயினும் அதனை விட்டுவிட்டு வன்னியின் வரலாற்றை எழுதவியலாது. கொல்வின் ஆர். டி சில்வாவின் ஆங்கில ஆட்சிக்கால வரலாற்று நூலின் இரு பகுதிகளும் 1941, 1942 ஆம் ஆண்டுகளில் வெளிவந்தன. அக்காலத்தின் பெரும்பகுதியில் நூலாசிரியர் அதே ஆங்கில அரசினாற் சிறைவைக்கப்பட்டிருந்தார்; 1942 ஏப்ரலில் கண்டிச் சிறையிலிருந்து தப்பினார். ஆள்வோரின் கடிதங்களைக் கொண்டே ஆள்வோரை விசாரிக்க முடியும் என்பதற்கு அந்நூலிலும் நல்ல சான்று வேண்டியதில்லை. நோர்த்துக்குப் பின்வந்த தேசாதிபதி மெயிற்லண்ட் தம் முன்னவரின் நிருவாகத்தைக் கடுமையாகச் சாடி இலண்டனுக்கு எழுதியவையும் இவ்வகையிற் பயன்படுவன. ஆளும் வர்க்கத்தினர் தமக்குள் முரண்படும்போது வெளிவரும் உண்மைகள் பலவுண்டு.

வன்னியனின் கையெழுத்தில் ஒரு கடிதமும் இந்த உரையாடலில் இல்லை. கண்டிக்கு அவன் செய்தி அனுப்பியிருத்தல் வேண்டும். ஓலை எழுதியிருத்தல் வேண்டும். ஆங்கிலேயர் தம் கடிதங்களை மும்மடி படியெடுத்துக் காத்தனர். ஓலையோ கிடைத்தவன் கையில் அழிந்தது. நோர்த்தின் கடிதங்களுங்கூட முழுமையாக ஓரிடத்தில் இல்லை. கிரேக்கப் பண்பாட்டில் மோகங்கொண்டு கோர்புத் தீவில் 1824 இல் ஒரு பல்கலைக்கழகத்தைத் தொடக்கிய அவர் 1827 இல் இறந்தபின், அவருடைய பெரும் நூற்றொகுதி இலண்டனில் ஏலத்திற் சிதறியது; கடிதங்களில் ஒரு பகுதி இன்று கோர்புவிலேயே உள்ளது. ஆயினும் சிதறிய அக்கடிதங்களைத் தேடிச்சென்று படிக்க இடமுண்டு. வன்னியில் குடும்பங்கள் பாதுகாத்த ஏடுகளுக்கும் பழைய உறுதிகளுக்கும் அத்தகைய புகலிடம் வாய்க்கவில்லை. 2009 இல் முடிந்த போரின் இடப்பெயர்வுகளில் மக்கள் உயிரைமட்டுமே எடுத்துக்கொண்டு சென்ற நாட்கள் பல. கற்சிலைமடுக் கல்லும் 2010 அளவில் உடைக்கப்பட்டுக் கிடக்கக் காணப்பட்டது. வென்றவன் நாட்டிய கல்லேயாயினும், ‘தோற்கடித்தான்’ என்ற சொல்லை இடத்திலேயே நின்று படித்துக் காட்டுவதற்கு இருந்த ஒரே சான்று அதுவாகும்.

இந்நிலையில் 1803 முதல் 1811 வரையான வன்னிக் கலெக்டர் கடிதங்கள் காலவரிசையில் தொகுக்கப்பட்டு, ஊர்ப்பெயர்களைக் களத்தில் ஒப்புநோக்கித் திருத்திய தமிழாக்கத்தோடு வெளிவருதல் வேண்டும். உடையாவூர், பனங்காமம், கற்சிலைமடு, முள்ளியவளை ஆகிய ஊர்களின் காணிப் பெயர்களையும் குளப் பெயர்களையும் அறிந்த முதியோர் இன்னும் இருக்கின்றனர். ஆங்கில எழுத்திற் சிதைந்துபோன ஒரு பெயர் எந்தக் குளத்தைக் குறிக்கின்றது எனச் சொல்லவல்லவர்கள் அவர்களே. அவ்வேலைக்கு இலண்டன் செல்லவேண்டியதில்லை.